விடுபட்ட வரிகள்

நுழையும்முன்

உடலைத் திறக்காமலேயே உள்ளுறுப்புகளைக் காட்டும் கருவிகளுள் காந்த ஒத்ததிர்வுப் படக்கருவிக்குத் தனியிடம் உண்டு. எலும்பைக் காட்டும் கருவிகள் பல உள்ளன. தசையின் உள்ளே நிகழும் மாற்றத்தை இத்துணைத் தெளிவாகக் காட்டுவது இது ஒன்றே. ஆயினும், அது பொறுமையைச் சோதிக்கும் கருவி. படம் எடுத்து முடியும்வரை நோயாளி அசையாமல் படுத்திருத்தல் வேண்டும். அந்நேரத்தைச் செயற்கை நுண்ணறிவு எவ்வாறு குறைக்கிறது, அவ்வாறு குறைக்கும்போது நாம் எதைப் பெறுகிறோம், எதில் விழிப்பாக இருத்தல் வேண்டும் என்பவற்றை இப்பாடம் விளக்குகிறது.

தொழிற்சாலைகளின் நடுவே

சென்னையிலிருந்து பெங்களூரு செல்லும் நெடுஞ்சாலையில் அமைந்துள்ள திருப்பெரும்புதூர், இராமாநுசர் பிறந்த ஊர். வைணவத் திருத்தலமாக அறியப்பட்ட இவ்வூரும் இதற்குத் தெற்கே உள்ள ஒரகடமும் கடந்த கால் நூற்றாண்டில் பெருந்தொழில் வட்டாரமாக மாறிவிட்டன. 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் மகிழுந்து உற்பத்தியைத் தொடங்கியது. 2010இல் ஒரகடத்தில் ரெனோ – நிசான் ஆலை தொடங்கப்பட்டது. மகிழுந்து, சரக்குந்து, உருளிப்பட்டை, கண்ணாடி, கைப்பேசி என இங்கு உருவாகும் பொருள்களின் பட்டியல் நீண்டுகொண்டே செல்கிறது. பணிமுறை மாறும் வேளையில் இச்சாலையில் நின்றால், தொழிலாளர்களை ஏற்றிச் செல்லும் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாகச் செல்வதைக் காணலாம்.

இத்தொழிற்சாலைகளில் அளவிடுதல் நாள்தோறும் நிகழும் பணி. ஆனால், எல்லாப் பாகங்களையும் எல்லா வகையிலும் அளந்து பார்ப்பதில்லை. ஆயிரம் திருகாணிகள் கொண்ட ஒரு தொகுதியில் சிலவற்றை மட்டும் எடுத்து அளந்து, தொகுதி முழுவதும் எவ்வாறு இருக்கும் எனக் கணிப்பர். இதற்கு மாதிரி ஆய்வு என்று பெயர். குறைவாக அளந்து நிறைவாக அறிய முயலும் இம்முறை, பின்னர் நாம் காணவிருக்கும் செய்தியைப் புரிந்துகொள்ளத் துணைசெய்யும்.

எந்திரக் கைகள் பெருகிய பின்னரும் தொழிற்சாலையை இயக்குவது மனிதத் தசைகளே. ஒரு பணிமுறை முழுவதும் நின்றுகொண்டே பணியாற்றுவோர், தலைக்கு மேலே கையை உயர்த்தித் திருகாணி முடுக்குவோர், குனிந்து நிமிர்ந்து சுமை ஏற்றுவோர் ஆகியோருக்குத் தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் வலி ஏற்படுவது இயல்பு. அவ்வலி வெறும் சோர்வா, தசைநார் கிழிந்திருக்கிறதா, முதுகெலும்பிடை வட்டு பிதுங்கி நரம்பை அழுத்துகிறதா என்பதை ஊடுகதிர்ப் படம் கூறாது. எலும்பு தெளிவாகத் தெரியும் அப்படத்தில் தசை வெறும் நிழலாகவே தோன்றும். அப்போது மருத்துவர் எழுதித் தருவது எம்.ஆர்.ஐ. ஸ்கேன்.

ஒரு கருவியில் ஒருவருக்கு அரைமணி நேரம் ஆகுமெனக் கொண்டால், எட்டு மணி நேரத்தில் பதினாறு பேருக்கே படம் எடுக்க இயலும். அதனைக் கால்மணி நேரமாகக் குறைத்தால் முப்பத்திரண்டு பேருக்கு எடுக்கலாம். ஒருவர் இறங்கி மற்றொருவர் ஏறும் நேரத்தைக் கழித்தாலும், காத்திருப்போர் வரிசை கணிசமாகக் குறையும். ஒருநாள் ஊதியத்தை இழந்து மருத்துவமனைக்கு வருவோருக்கு இக்கணக்கு மிக இன்றியமையாதது.

அசையாதிருக்க இயலாத பிள்ளைகள்

வரிசை குறைவது ஒரு பயன். அதனினும் பெரிய பயன் பெறுவோர் வேறு சிலர் உள்ளனர். டுஷேன் தசைச்சிதைவு என்பது பெரும்பாலும் ஆண்குழந்தைகளைத் தாக்கும் மரபணு நோய். 3500 முதல் 5000 வரையிலான ஆண்குழந்தைகளுள் ஒருவருக்கு இந்நோய் ஏற்படுவதாக மருத்துவ உலகம் கணித்துள்ளது. தசை நார்களின் உறுதிக்குத் தேவையான டிஸ்ட்ரோஃபின் என்னும் புரதம் உருவாகாமையால், தசை சிறிது சிறிதாக அழிந்து அவ்விடத்தைக் கொழுப்பும் நார்த்திசுவும் நிரப்புகின்றன. ஓடி விளையாடத் தொடங்கிய சிறுவன் அடிக்கடி விழுகிறான். தரையிலிருந்து எழும்போது தொடையில் கையூன்றி எழுகிறான். பள்ளிப் பருவத்திலேயே சக்கர நாற்காலியை நாடுகிறான். கோயம்புத்தூரில் உள்ள மூலக்கூறு நோயறிதல், ஆலோசனை, பராமரிப்பு மற்றும் ஆய்வு மையம் இந்நோயுற்ற குழந்தைகளுக்கான மரபணு ஆய்வையும் குடும்பத்தினருக்கான ஆலோசனையையும் தமிழ்நாட்டில் மேற்கொண்டு வருகிறது. பெங்களூருவில் உள்ள நிம்ஹான்ஸ் நிறுவனத்தின் நரம்புத் தசையியல் பிரிவு, இத்தகைய நோய்களில் தசைகளின் காந்தப் படங்கள் எவ்வாறு அமைகின்றன என்பதைப் பற்றிய ஆய்வுகளை வெளியிட்டுள்ளது.

தசைச்சிதைவு நோய்கள் பலவகைப்படும். ஒவ்வொரு வகையும் சில தசைகளை முதலில் தாக்கிச் சில தசைகளை நெடுங்காலம் விட்டுவைக்கிறது. டுஷேன் நோயில் தொடையின் உட்புறத்தில் செல்லும் மெல்லிய தசைகள் சில, சுற்றியுள்ளவை கொழுப்பாக மாறிய பின்னரும் ஓரளவு நலமாக இருக்கும். ஜி.என்.இ. தசைநோயிலோ தொடையின் முன்புறத்தில் உள்ள நாற்றலைத் தசை பெரிதும் தப்பிவிடும். எனவே, தொடையின் குறுக்குவெட்டுப் படத்தைக் காணும் வல்லுநர், எந்த மரபணுவை முதலில் ஆராய வேண்டும் என்று வழிகாட்ட இயலும். மேலும், கொழுப்பு எத்தனை விழுக்காடு ஏறியுள்ளது என்பதைப் படத்திலிருந்தே கணக்கிடலாம். புதிய மருந்து பயன் தருகிறதா என்று அறிய இவ்விழுக்காடு நம்பகமான அளவுகோல்களுள் ஒன்றாக விளங்குகிறது.

ஆனால், இடர்ப்பாடு இங்குதான் உள்ளது. இரு தொடைகள், இரு கெண்டைக்கால்கள், இடுப்பு, தோள் எனப் பல பகுதிகளைப் பலவகைகளில் படமெடுக்க அரைமணி முதல் ஒரு மணி நேரம் வரை ஆகலாம். மூட்டுகள் மடங்கி இறுகிப்போன சிறுவனால் கால்களை நீட்டி அத்துணை நேரம் படுத்திருக்க இயலாது. மயக்க மருந்து கொடுக்கலாமே எனத் தோன்றும். டுஷேன் நோயுற்றோருக்குச் சில மயக்க மருந்துகள் உயிருக்கே ஊறு விளைவிக்கும். மூச்சுத்தசை தளர்ந்தவர்களுக்கு அவ்விடர் இன்னும் மிகுதி. ஆகவே, பத்து நிமிடத்தில் முடியும் படம் என்பது இச்சிறுவனுக்கு வெறும் வசதியன்று. மயக்க மருந்து இல்லாமல் படமெடுக்க வாய்க்கும் வழி அது.

கருவி ஏன் மெதுவாக இயங்குகிறது?

தசையில் ஏறத்தாழ முக்கால் பங்கு நீர். நீரிலும் கொழுப்பிலும் உள்ள ஹைட்ரஜன் அணுக்கருக்கள் சிறு காந்தங்களைப்போல் நடந்துகொள்கின்றன. வலிமையான காந்தப்புலத்தில் அவை ஒரு குறிப்பிட்ட அதிர்வெண்ணில் சுழல்கின்றன. ஒரு டெஸ்லா புலத்தில் அவ்வதிர்வெண் 42.58 மெகாஹெர்ட்ஸ். மருத்துவமனைகளில் பரவலாக உள்ள 1.5 டெஸ்லா கருவியில் அது ஏறத்தாழ 64 மெகாஹெர்ட்ஸ் ஆகும். நாம் கேட்கும் பண்பலை வானொலி 88 மெகாஹெர்ட்ஸில் தொடங்குகிறது என்பதை நோக்க, இக்கருவி பயன்படுத்துவதும் வானொலி அலைகளை ஒத்த அலைகளே என்பது விளங்கும். அவ்வலையைச் செலுத்தி அணுக்கருக்களைத் தூண்டிவிட்டு, அவை திருப்பியனுப்பும் மெல்லிய குறிப்பலையைச் சுருள்கள் வாங்கிக்கொள்கின்றன. ஊடுகதிரைப்போல் இதில் கதிர்வீச்சுத் தீங்கு இல்லை.

ஒளிப்படக் கருவி படம் முழுவதையும் ஒரே நொடியில் பதிவு செய்கிறது. காந்தக் கருவியோ ஒவ்வொரு வரியாகவே தரவைத் திரட்டுகிறது. அவ்வரிகளும் படத்தின் வரிகள் அல்ல. கச்சேரியில் தம்புராவும் மத்தளமும் குரலும் கலந்து ஒரே ஒலியாக வருகின்றன. அதனை வெவ்வேறு அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டலாம். படத்தையும் அவ்வாறே மெதுவாக மாறும் அலைகள், விரைந்து மாறும் அலைகள் எனப் பிரிக்கலாம் என்பது பிரெஞ்சுக் கணித அறிஞர் ஃபூரியே வகுத்த நெறியின் விரிவாகும். கருவி திரட்டும் ஒவ்வொரு வரியும் இத்தகைய அலைகளின் அளவே. நடுவரிகள் படத்தின் ஒளி, நிழல் ஆகியவற்றைத் தாங்கியுள்ளன. ஓரவரிகள் நுண்ணிய விளிம்புகளைத் தாங்கியுள்ளன. எல்லா வரிகளும் சேர்ந்த பின்னரே ஃபூரியே மாற்றத்தின் வழியாகப் படம் பிறக்கும்.

எளிய முறை ஒன்றில் ஒரு வரியைத் திரட்ட அரைநொடி ஆகிறதெனக் கொள்வோம். 256 வரிகள் வேண்டும். இரைச்சலைக் குறைக்க ஒவ்வொன்றையும் இருமுறை அளக்க வேண்டும். 256 × 2 × 0.5 = 256 நொடிகள்; அதாவது நான்கு நிமிடங்களுக்கு மேல். இஃது ஒருவகைப் படத்திற்கான நேரமே. இதில் 64 வரிகளை மட்டும் அளந்தால் 64 நொடிகளில் வேலை முடிந்துவிடும். ஆனால், விடுபட்ட 192 வரிகளுக்கு என்ன செய்வது? அவற்றைப் பூச்சியம் எனக் கொண்டு படமாக்கினால், தொடையின் மீது தொடை ஏறியதுபோன்ற பொய்யுருவங்கள் தோன்றும். அல்லது படம் மங்கிவிடும்.

இவ்விடத்தில் வரலாறு ஒன்றைச் சுருக்கமாகக் கூறலாம். காந்த ஒத்ததிர்வைக்கொண்டு படம் வரையும் முறையை 1973இல் பால் லாட்டர்பர் வெளியிட்டார். 1977இல் ரேமண்ட் டமாடியன் குழுவினர் மனித மார்பின் முதல் படத்தை எடுக்க ஏறத்தாழ ஐந்து மணி நேரம் ஆயிற்று. 2003இல் லாட்டர்பருக்கும் பீட்டர் மேன்ஸ்ஃபீல்டுக்கும் நோபல் பரிசு வழங்கப்பட்டபோது, தம்மை விட்டுவிட்டனர் என்று டமாடியன் நாளிதழ்களில் முழுப்பக்க விளம்பரம் கொடுத்து முறையிட்டார். அறிவியலாரும் மனிதர்களே! அந்த ஐந்து மணி நேரத்தை நிமிடங்களாகச் சுருக்கிய முயற்சிகள் பல. ஒரே நேரத்தில் பல சுருள்களால் குறிப்பலையை வாங்கும் முறை 1999இல் செம்மை பெற்றது. பெரும்பாலான படங்களைச் சில எண்களால் சுருக்கிக் கூறிவிடலாம் என்னும் கணித உண்மையைப் பயன்படுத்தி, வரிகளை ஒழுங்கற்ற முறையில் விட்டுவிட்டு அளக்கும் நெறி 2007இல் இத்துறைக்கு வந்தது. செயற்கை நுண்ணறிவு இவற்றின் தோளில் ஏறி நிற்கிறது.

ஏடு படிப்போர் செய்தது

விடுபட்டதை நிரப்பும் கலை தமிழுக்குப் புதிதன்று. ஓலைச்சுவடியில் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைப்பது அரிது. புள்ளி குத்தினால் ஓலை கிழியும். ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். நெடிலா குறிலா என்பதும் பல இடங்களில் எழுத்தளவில் விளங்காது. இவற்றோடு செல்லரித்த துளைகளும் முறிந்த ஓரங்களும் சேர்ந்துகொள்ளும். ஆயினும் பயின்றோர் அவ்வேட்டைப் படித்தனர். எவ்வாறு? ஆயிரக்கணக்கான பாடல்களைப் பயின்ற அறிவு அவர்களிடம் இருந்தது. யாப்பு இடம் தரும் சொல் எது, பொருளுக்கு இயைவது எது, எதுகைக்குப் பொருந்துவது எது என அறிந்து, எழுதப்படாத புள்ளியையும் எழுத்தையும் அவர்கள் மனத்தில் நிரப்பிக்கொண்டனர்.

செயற்கை நரம்பணு வலையமைப்பு செய்வதும் ஏறத்தாழ இதுவே. முழுமையாக அளக்கப்பட்ட ஆயிரக்கணக்கான படங்களின் தரவை அதற்குக் கொடுப்பர். பின்னர், அவற்றிலிருந்து வேண்டுமென்றே வரிகளை நீக்கிக் குறைபட்ட படத்தைக் காட்டி, முழுப்படத்தை வரைந்து தருமாறு பணிப்பர். அது வரைந்ததற்கும் உண்மையான படத்திற்கும் உள்ள வேறுபாட்டைக் கணக்கிட்டு, வலையமைப்பின் உள்ளெண்களைச் சிறிது திருத்துவர். இவ்வாறு இலட்சக்கணக்கான முறை திருத்தம் பெற்ற பின், எலும்பின் விளிம்பு எவ்வாறு இருக்கும், தசைக்கட்டுகளுக்கு இடையே கொழுப்பு எவ்வாறு படரும் என்னும் வழக்கத்தை அது கற்றுக்கொள்கிறது.

நல்ல பதிப்பாசிரியர் ஒரு நெறியை விடாது பின்பற்றினார். ஓலையில் தெளிவாக உள்ள எழுத்தை அவர் மாற்றமாட்டார். இல்லாத இடத்தில் மட்டுமே ஊகிப்பார். செம்மையாக அமைக்கப்பட்ட வலையமைப்புகளிலும் இந்நெறி உண்டு. ஊகித்து வரைந்த படத்தை மீண்டும் வரிகளாக மாற்றி, உண்மையில் அளந்த 64 வரிகளின் இடத்தில் அளந்த மதிப்புகளையே திரும்ப வைத்துவிடுவர். பிறகு மீண்டும் ஊகம். மீண்டும் அளவின் திருத்தம். இவ்வாறு பல சுற்றுகள் நடைபெறும். அளந்தது மாறாமல் இருக்க, அளக்காதது மட்டும் படிப்படியாகச் சீர்படுகிறது.

2018இல் நியூயார்க் பல்கலைக்கழக மருத்துவ மையமும் ஃபேஸ்புக் நிறுவனத்தின் ஆய்வுப் பிரிவும் இணைந்து இத்தகைய ஆய்வுக்கெனப் பெருந்தரவுத் தொகுப்பு ஒன்றை உருவாக்கி, உலக ஆய்வாளர்கள் எல்லார்க்கும் திறந்துவிட்டன. முதலில் முழங்கால் படங்களே அதில் இடம்பெற்றன. 2020இல் வெளியான அவர்களது ஆய்வில், 108 பேரின் முழங்கால் படங்களை இருவகையாகவும் உருவாக்கி, ஆறு கதிரியல் வல்லுநர்களிடம் காட்டினர். வழக்கமான படத்திற்குப் பதிலாகக் குறைந்த தரவிலிருந்து உருவான படத்தைப் பயன்படுத்தினாலும் நோயறியும் முடிவு மாறவில்லை என அவ்வாய்வு காட்டியது. இன்று ஜி.இ., சீமென்ஸ், பிலிப்ஸ் முதலிய நிறுவனங்களின் கருவிகளில் இத்தகைய மென்பொருள் விற்பனைக்கே வந்துவிட்டது.

சென்னையிலும் இத்துறையில் ஆய்வு நடைபெற்றுள்ளது. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தையும் அதன் நலவாழ்வுத் தொழில்நுட்பப் புத்தாக்க மையத்தையும் சார்ந்த ஆய்வாளர்கள் 2020இல் ஒரு சிக்கலுக்குத் தீர்வு முன்வைத்தனர். இதயத்தின் படத்தில் பயின்ற வலையமைப்பு மூளையின் படத்தில் தடுமாறும். நான்கில் ஒரு பங்கு வரிகளில் பயின்றது ஐந்தில் ஒரு பங்கு வரிகளில் தடுமாறும். ஒவ்வொரு சூழலுக்கும் ஒரு வலையமைப்பு எனப் பல வைத்துக்கொள்வது மருத்துவமனைக்கு ஏற்றதன்று. எனவே, எந்த உறுப்பு, எவ்வகையில் வரிகள் விடப்பட்டன, எத்தனை மடங்கு விரைவு என்னும் சூழலை முதலில் கேட்டறிந்து, அதற்கேற்பத் தன் உள்ளெண்களைத் தானே மாற்றிக்கொள்ளும் வலையமைப்பை அவர்கள் உருவாக்கினர். மூளை, இதயப் படங்களில், ஐந்து வகை விரைவுகளில் அதனைச் சோதித்தனர். இது தசைக்கென அமைந்த ஆய்வன்று. ஆயினும் ஒரே கருவியில் காலையில் முழங்காலும் நண்பகலில் தொடையும் மாலையில் தோளும் படமெடுக்கப்படும் நம் மருத்துவமனைகளுக்கு இவ்வழி மிகவும் பொருத்தமானது எனத் தோன்றுகிறது.

அரிய சொல்லும் அரிய நோயும்

ஏடு பெயர்த்து எழுதுவோரிடம் ஒரு பிழை அடிக்கடி நேர்ந்தது. தமக்குத் தெரியாத அரிய சொல் வந்தால், அதனைத் தாம் அறிந்த பெருவழக்குச் சொல்லாக மாற்றி எழுதிவிடுவர். மாற்றிய வரி எளிதில் பொருள்படும், ஓசையும் கெடாது. அதனாலேயே பிழை நிகழ்ந்தது என்பதே படிப்போருக்குத் தெரியாது. தெரியாத சொல்லை விளங்காமலேயே விட்டுவைத்த ஏட்டினால் நேர்ந்த கேட்டைவிட, அழகாகத் திருத்திய ஏட்டினால் நேர்ந்த கேடு பெரிது.

செயற்கை நுண்ணறிவின் இடரும் இத்தன்மையதே. பழைய முறையில் தரவு குறைந்தால் படம் மங்கும். மங்கலைக் கண்ட வல்லுநர் ஐயுறுவார். வலையமைப்பு வரையும் படமோ எப்போதும் தெளிவாக இருக்கும். அது கற்றறிந்த படங்களில் இல்லாத ஒன்று உடலில் இருந்தால், அதனை வழக்கமான ஒன்றாக மாற்றி வரைந்துவிடக்கூடும். 2020இல் அமெரிக்க அறிவியல் கழகத்தின் ஆய்விதழில் வெளியான ஒரு கட்டுரை, அக்காலத்து வலையமைப்புகள் சிலவற்றைச் சோதித்து மூன்று குறைகளைச் சுட்டியது. கண்ணுக்குத் தெரியாத சிறு மாற்றத்தைத் தரவில் புகுத்தினால் படத்தில் பெரும்பிழை தோன்றியது. சிறு கட்டி போன்ற நுண்ணிய வடிவம் படத்திலிருந்து மறைந்துபோனது. மூன்றாவதுதான் வியப்புக்குரியது: பயின்றதைவிடக் கூடுதலான வரிகளைக் கொடுத்தபோது, சில வலையமைப்புகளின் படம் மேம்படுவதற்கு மாறாகக் கெட்டுப்போனது. மேலும் அளந்தால் மேலும் அறியலாம் என்னும் நம் இயல்பான எதிர்பார்ப்பே அங்குப் பொய்த்தது.

தசைப்படத்தில் இவ்விடர் இருமடங்காகும். கிழிந்த தசைநாரைக் கண்ணால் கண்டு கூறுவது ஒரு பணி. கொழுப்பு விழுக்காட்டை எண்ணாகக் கூறுவது வேறு பணி. அவ்வெண் எவ்வாறு கிடைக்கிறது என்று காண்போம். கொழுப்பில் உள்ள ஹைட்ரஜன் நீரில் உள்ளதைவிடப் பத்து இலட்சத்தில் ஏறத்தாழ மூன்றரைப் பங்கு மெதுவாகச் சுழல்கிறது. 64 மெகாஹெர்ட்ஸில் அது நொடிக்கு ஏறக்குறைய 220 சுற்றுகள் வேறுபாடு. ஒன்றாகப் புறப்பட்ட இரு ஓட்டக்காரர்களைப்போல, ஏறத்தாழ 2.2 மில்லி நொடியில் இரண்டும் எதிரெதிர்த் திசையில் நிற்கும்; மேலும் அவ்வளவு நேரம் கழித்து மீண்டும் ஒன்றுசேரும். சேர்ந்திருக்கும்போது எடுத்த படத்தில் நீரும் கொழுப்பும் கூடித் தெரியும்; எதிரெதிரே நிற்கும்போது எடுத்ததில் ஒன்றிலிருந்து ஒன்று கழிந்து தெரியும். 1984இல் டிக்சன் என்பவர், இவ்விரு படங்களையும் கூட்டியும் கழித்தும் நீர்ப்படம், கொழுப்புப்படம் எனத் தனித்தனியே பிரிக்கலாம் எனக் காட்டினார். ஓரிடத்தில் கூடிய மதிப்பு 100, கழிந்த மதிப்பு 60 எனில், நீர் 80, கொழுப்பு 20. கொழுப்பு 20 விழுக்காடு. வகுப்பறையில் நாம் கற்கும் ஒருங்கமை சமன்பாடுதான்!

ஓராண்டு மருந்துண்ட சிறுவனின் தொடையில் இவ்விழுக்காடு 20இலிருந்து 23 ஆனதா, 27 ஆனதா என்பதைப் பொறுத்து அம்மருந்தின் மதிப்பு முடிவாகலாம். வலையமைப்பு கற்றவை பெரும்பாலும் நலமான தசைகளின் படங்கள் எனில், நோயுற்ற தசையின் புள்ளிபுள்ளியான கொழுப்பை இரைச்சல் எனக் கருதி மெழுகிவிட வாய்ப்புண்டு. படம் பார்க்க அழகாக இருக்கும், எண் பொய்யாகிவிடும். ஆகவேதான் தசைத் துறையில் முழுமையாக அளந்த படத்தையும் விரைந்து எடுத்த படத்தையும் ஒரே நோயாளியிடம் எடுத்து, இரண்டின் கொழுப்பு விழுக்காடுகளையும் தசைவாரியாக ஒப்பிட்டுப் பார்த்தல் இன்றியமையாததாகிறது. தொழிற்சாலையில் ஒரு திருகாணி ஐயத்திற்குரியது எனில், அதனை எடுத்து மீண்டும் அளக்கலாம். சக்கர நாற்காலியில் வீடு திரும்பிவிட்ட சிறுவனை மீண்டும் அழைத்து அளப்பது அத்துணை எளிதன்று.

ஒரகடத்தில் என்ன செய்யலாம்?

இந்தியாவில் உள்ள எம்.ஆர்.ஐ. கருவிகளுள் பெரும்பாலானவை இறக்குமதியானவை. கருவியோடு மென்பொருளும் வருகிறது. மென்பொருள் எந்நாட்டு உடல்களைக் கண்டு பயின்றதோ அப்பயிற்சியும் உடன் வருகிறது. இந்நிலை சிறிது சிறிதாக மாறி வருகிறது. மீக்கடத்துக் காந்தத்தைக் குளிர்விக்க –269 பாகை செல்சியசில் உள்ள நீர்ம ஹீலியத்தில் அதனை மூழ்கவைப்பதே வழக்கம். ஹீலியத்திற்கோ நாம் வெளிநாடுகளையே நம்பியுள்ளோம். அவ்வாறு மூழ்கவைக்கத் தேவையில்லாத 1.5 டெஸ்லா கருவியைப் பெங்களூருவைச் சேர்ந்த வாக்சல்கிரிட்ஸ் நிறுவனம் உருவாக்கியுள்ளது.

நடுவண் அரசின் மருத்துவக் கருவிப் பூங்காத் திட்டத்தின்கீழ் இமாச்சலப் பிரதேசம், மத்தியப் பிரதேசம், உத்தரப் பிரதேசம், தமிழ்நாடு ஆகிய நான்கு மாநிலங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. தமிழ்நாட்டின் பூங்காவிற்கு ஒரகடம் சிப்காட் தொழிற்பூங்காவில் ஏறத்தாழ 350 ஏக்கர் நிலம் ஒதுக்கப்பட்டது. மருத்துவக் கருவி என்றவுடன் உலோகமும் நெகிழியும் நம் நினைவுக்கு வரலாம். ஆனால், 2020 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த அறிவிக்கையின்படி, நோயறியப் பயன்படும் மென்பொருளும் இந்தியாவில் மருத்துவக் கருவி என்றே கருதப்படுகிறது. அதுவும் ஒழுங்குமுறைக்கு உட்பட்டது. உருளிப்பட்டையைச் சோதிக்கும் அதே கண்டிப்போடு படம் வரையும் வலையமைப்பையும் சோதிக்க வேண்டும் என்பதே இதன் பொருள். அச்சோதனைக்கு நம் மக்களின் முழுமையான தசைத்தரவு தேவை. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் அரசு மருத்துவமனைகளில் ஸ்கேன் மையங்களை நடத்தி வருவதால், அத்தரவு திரட்டுவதற்குரிய அமைப்பு இங்கு ஏற்கெனவே உள்ளது. பெயரும் அடையாளமும் நீக்கி, நோயாளியின் ஒப்புதல் பெற்றுத் திரட்டுதல் வேண்டும். 2023ஆம் ஆண்டின் தனிநபர் மின்னணுத் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒப்புதலுக்கு முதன்மை தருகிறது.

நடைமுறைத் தடை ஒன்றையும் இங்குக் குறிப்பிட வேண்டும். பெரும்பாலான மருத்துவமனைகளில் முடிவான படம் மட்டுமே சேமிக்கப்படுகிறது. கருவி அளந்த வரிகள் மிகுந்த இடத்தை அடைத்துக்கொள்வதால், சில நாள்களிலேயே அழிக்கப்பட்டுவிடுகின்றன. படம் இருக்கும், அது எந்த அளவீட்டிலிருந்து வரையப்பட்டது என்பதற்கான சான்று இராது. உ.வே.சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இல் பதிப்பித்த பின்னர், இனி அச்சுநூல் போதும் என்று ஏடுகளை எறிந்துவிடவில்லை. அவர் திரட்டிய சுவடிகள் சென்னையில் அவர் பெயரால் அமைந்த நூலகத்தில் காக்கப்படுகின்றன. அவர் கொண்ட பாடத்தை ஐயுறுவோர் இன்றும் அவ்வேட்டை எடுத்துப் பார்க்கலாம். அளந்த வரிகளைக் காத்துவைக்கும் மருத்துவமனையில், நாளை இதனினும் சிறந்த வலையமைப்பு வரும்போது, இன்று எடுத்த தொடையின் படத்தை நோயாளியை மீண்டும் அழைக்காமலேயே புதிதாக வரைந்து பார்க்க இயலும்.